மினி எல்இடி டிவியில் படம் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது?

சாதாரண எல்இடி டிவிக்கும் மினி எல்இடிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கில்தான்.

இரண்டிலும் முன்னால் இருப்பது எல்சிடி திரைதான்; அது தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி விடுவதும் மறைப்பதும்தான் அதன் வேலை. மறைத்தாலும் கொஞ்சம் கசியும். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டுப் பழைய டிவியில் ஒரு இருட்டுக் காட்சியைப் பாருங்கள். கறுப்பு வானம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். விளிம்பில் மட்டும் விளக்கு வைத்த டிவிகளில் இது ரொம்பவே உறுத்தும்.

மினி எல்இடியில் பொடிப்பொடி விளக்குகள் திரை முழுக்கப் பரவியிருக்கும். அவற்றைப் பகுதி பகுதியாக மங்கவைக்கலாம், அணைக்கலாம். இதைத்தான் லோக்கல் டிம்மிங் என்கிறார்கள். இதே முறையில் 2021இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோ டேப்லெட்டில் 10,000க்கும் மேற்பட்ட விளக்குகள், 2,596 பகுதிகள். நிலா பளிச்சென்று எரியும்போதே தள்ளியிருக்கும் வானம் அணைந்து கிடக்கும். அந்த அழகை ஒருமுறை பார்த்தால் பழைய திரைக்குத் திரும்ப மனசு வராது.

ஆனாலும் அந்த ஐபேடில்கூட ஒரு பகுதிக்குள் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள், அதாவது படப்புள்ளிகள், அடங்குகின்றன. அதனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றி லேசான ஒளிவட்டம் தெரியலாம். ஓஎல்இடி என்ற வேறு வகைத் திரையில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், வாங்கப் போகும்போது எத்தனை விளக்கு என்று கேட்காதீர்கள், எத்தனை பகுதி என்று கேளுங்கள்.