பென்சில் நின்றுபோகும் அந்தப் பத்து நொடி

நீண்ட கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "சில நேரம் பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பாள், கூப்பிட்டாலும் காதில் விழாது, பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள்." எட்டு வயது மகள் வகுப்பில் கவனிப்பதில்லை என்று ஆசிரியை சொன்னது, பாதியில் நிற்கும் நோட்டு, தினம் தொலையும் அழிப்பான், இணையத்தில் நிரப்பிய கேள்வித்தாள் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்று சொன்னது, இதையெல்லாம் விரிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றை நிதானமாகப் பார்க்கலாம். இந்த ஒரு வரியைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாக் குழந்தைகளும் பாடம் சலித்தால் ஜன்னலைப் பார்ப்பார்கள். தோளைத் தொட்டால் திரும்பிவிடுவார்கள். சலிப்பில்லாத நேரத்தில், பேச்சின் நடுவிலோ விளையாட்டின் நடுவிலோ, குழந்தை சிலைபோல் நின்றுவிட்டால், தொட்டாலும் கலையாவிட்டால் அது வேறு. பெரும்பாலும் 5 முதல் 15 நொடி வரை நீடிக்கும். இமை லேசாகப் படபடக்கலாம், உதடு அசையலாம். கீழே விழமாட்டாள், கை கால் வெட்டாது. முடிந்ததும் எதுவும் நடக்காததுபோல் தொடர்வாள். நடந்தது அவளுக்கே தெரியாது. ஆப்சென்ஸ் வலிப்பு என்கிறோம். ஒரே நாளில் பல முறை வரலாம்.

கவனமில்லாத பையன் என்று பெயர் வாங்கிய ஒரு சிறுவனின் டிக்டேஷன் நோட்டை நான் பல ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். கையெழுத்து அழகு, எழுத்துப் பிழை இல்லை. ஆனால் வாக்கியத்தின் நடுவே மூன்று சொல்லைக் காணோம், அடுத்த சொல்லிலிருந்து மறுபடி சரியாகப் போகிறது. அடுத்த பக்கத்திலும் அப்படியே. ஒவ்வொரு விடுபடலுக்கும் அவன் திட்டு வாங்கியிருந்தான். உங்கள் மகளின் நோட்டையும் இன்று இரவு அந்தக் கண்ணோடு புரட்டிப் பாருங்கள்.

அப்படி ஒருமுறை நிற்கும்போது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். மருத்துவருக்கு அதைவிட உதவும் சான்று வேறில்லை. வீடியோ கிடைக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள், தேவைப்பட்டால் அவர் நரம்பியல் நிபுணரிடம் அனுப்புவார். ஈ.ஈ.ஜி. எடுப்பார்கள். தலையில் மெல்லிய கம்பிகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது, வலிக்காது. இடையில் சில நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். இந்த வலிப்பு இருந்தால் பெரும்பாலும் அப்போதே வெளிப்பட்டுவிடும். இதைப் படித்துவிட்டு வீட்டில் அப்படி மூச்சு விடச் சொல்லிச் சோதிக்காதீர்கள். முடிவு தெரியும்வரை தனியாக நீந்தவோ, உயரத்தில் ஏறவோ, சாலையில் சைக்கிள் ஓட்டவோ விடாதீர்கள்.

வலிப்பு என்ற சொல்லைக் கேட்டுக் கலங்கிவிட வேண்டாம். இது அதுவாக இல்லாமலும் போகலாம். இருந்தாலும், சரியான மருந்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது அடங்குகிறது. வளரும்போது மருந்தையே நிறுத்திவிடும் குழந்தைகள் நிறையப் பேர்.

ஏ.டி.எச்.டி. விஷயத்துக்கு வருகிறேன். இணையக் கேள்வித்தாளைக் கிழித்துப் போடுங்கள். தூக்கம் போதாத எந்தக் குழந்தையும் அதில் 'ஆம்' வாங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடிக்க வேண்டும், பள்ளியில் மட்டுமல்லாமல் வீட்டிலோ வேறிடத்திலோ தெரிய வேண்டும். பெற்றோரிடமும் ஆசிரியையிடமும் விசாரித்தே ஒரு நிபுணர் முடிவு செய்வார். அதற்கு முன் கண்ணும் காதும் பார்க்கப்பட வேண்டும். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி தூங்குகிறாள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாசிக்கும்போது மட்டும் கவனம் சிதறினால், சிக்கல் எழுத்துகளைப் படிப்பதிலேயே இருக்கலாம்.

படம் வரைய உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் அசையாதவளுக்கு இது வெறும் சோம்பல் என்கிறாராம் உங்கள் கணவர். அது சரியல்ல. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளும் பிடித்த வேலையில் மூழ்கிப்போவார்கள். இனிப்பு சாப்பிடுவதால் வருகிறது என்பதிலும் உண்மை இல்லை.

அவளுக்கு நீங்கள் கொடுத்துவரும் நினைவாற்றல் டானிக்கை இன்றே நிறுத்துங்கள். கவனத்தை ஊட்டி வளர்க்கும் டானிக் என்று ஒன்று கிடையாது. குப்பியை மட்டும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், அதில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கட்டும். உறவினர் மகனின் ஏ.டி.எச்.டி. மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது! அது ஏ.டி.எச்.டி. உறுதியானவர்களுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்துதான். ஆனால் எடை, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் உண்டா என்பதெல்லாம் பார்த்த பிறகே தொடங்குவோம். உங்கள் மகளுக்கு வருவது வலிப்பு என்றால் இந்த மாத்திரை அதை நிறுத்தாது, உங்கள் நாள்களைத்தான் வீணாக்கும்.

"என் வளர்ப்பில்தான் குறையா, அவளுக்குப் படிப்பே வராதா" என்ற இரண்டையும் கடிதத்தில் வெவ்வேறு விதமாக நான்கு முறை கேட்டிருக்கிறீர்கள். வலிப்போ ஏ.டி.எச்.டி.யோ வளர்ப்பால் வருவதல்ல. கேட்ட கதையை ஒரு பாத்திரம் விடாமல் திருப்பிச் சொல்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படிப்பு வராதவள் என்று சொல்ல நீங்கள் எழுதிய எதிலும் இடமில்லை.

நாளை ஆசிரியையிடம் பேசுங்கள். முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அவள் பென்சில் அப்படி நின்றுபோனால் திட்டாமல் மணியைப் பார்த்து எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், விட்டுப்போன வாக்கியத்தை இன்னொரு முறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.