கேமரா லென்ஸை வீட்டிலேயே பயமில்லாமல் சுத்தம் செய்வது எப்படி?

கேமராவோடு சேர்ந்து வந்த உங்கள் 18-55 கிட் லென்ஸின் முன் கண்ணாடியில் தூசியும் ஒரு விரல் ரேகையும் இருக்கிறது, மூக்குக் கண்ணாடிக்கு வைத்திருக்கும் துணியும் ஸ்ப்ரேயும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூசிக்கு இரண்டுமே வேண்டாம். ரேகையைத் துடைக்கத்தான் வேண்டும், ஆனால் அந்தத் துணியால் அல்ல. முகத்து எண்ணெயெல்லாம் அதில்தான் இருக்கும்.

முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நாலைந்து தூசி சாதாரணமாகப் படத்தில் தெரியவே தெரியாது. சூரியனை எதிரே வைத்தோ, இரவில் தெருவிளக்கு நேராக விழும்படியோ எடுக்கும்போதுதான் லேசான மங்கல் வரும். பின் கண்ணாடி விஷயம் வேறு. படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே படும் ஒரு ரேகை படத்தையே கெடுக்கும். பலரும் முன்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார்கள், பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி விழுகிறது, லென்ஸை மாற்றினாலும் போகவில்லை என்றால் அது சென்சார் தூசி. லென்ஸை விட்டுவிடுங்கள்.

தூசியை ஏன் துடைக்கக் கூடாது? நம் ஊர்த் தூசியில் மணலும் கலந்திருக்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 7, சாதாரணக் கண்ணாடி 6-க்கும் கீழே. கண்ணாடி மேல் இருக்கும் பூச்சின் ஓர் அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி, நடுவில் ஒரு மணல்துகள் மாட்டினால் கீறுவது அந்தத் துகள்தான்.

அதனால் முதல் வேலை காற்று. கையால் அழுத்தும் ரப்பர் ப்ளோயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கேமரா சாமானில் முதலில் வாங்க வேண்டியது யூவி ஃபில்டர் அல்ல, இதுதான் என்பேன். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து அழுத்துங்கள். கிளம்பும் தூசி கண்ணாடியிலேயே திரும்ப உட்காராது. கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அடிக்கும் காற்று டப்பா வேண்டாம், சாய்த்தால் உள்ளே இருக்கும் திரவமும் சேர்ந்து பீய்ச்சும். வாயாலும் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

ப்ளோயருக்கும் அசையாததை மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். பிரஷ் முடியில் விரல் படக் கூடாது. அப்புறம்தான் ரேகை. 'ஹா' என்று மூச்சு விட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். அழுத்தம் வேண்டாம். பல ரேகைகள் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் லென்ஸ் திரவம் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு, லென்ஸ் பேப்பரின் மேல். கண்ணாடி மேல் நேராக விட்டால் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். இந்த ஆல்கஹால் மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் கேளுங்கள். சானிடைசரில் கிளிசரின் கலந்திருக்கும், காய்ந்த பிறகு திட்டுத் திட்டாக நிற்கும். ஜன்னல் துடைக்கும் திரவம், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் பக்கத்திலேயே வரக் கூடாது.

மெரினா, ராமேஸ்வரம் என்று கடற்கரையில் எடுத்தால் உப்புச் சாரல் படிந்து காய்ந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது. காற்றடித்துவிட்டு, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள், பிறகு மற்றதெல்லாம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் படியும் பனியைத் துடைக்கவே வேண்டாம், கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும்.

துணியைத் துவைக்கும்போது கம்ஃபோர்ட் மாதிரி எதுவும் சேர்க்காதீர்கள், அந்த வழவழப்பு அப்படியே லென்ஸுக்கு வந்துவிடும்.

வீட்டில் தொடக் கூடாதது ஒன்று இருக்கிறது: பூஞ்சை. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது கண்ணாடியின் உள்பக்கம், வெளியே எவ்வளவு துடைத்தும் பயனில்லை. யூடியூப் பார்த்துத் திருகாணியைக் கழற்றாமல் சர்வீசுக்குக் கொடுங்கள். மற்ற லென்ஸ்களையும் அதோடு ஒரே பையில் வைக்காதீர்கள். மழைக்காலத்துக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.