கையால் ஓட்டினால் ஓடுது, ராத்திரி மட்டும் ஓட மாட்டேங்குதே!

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பள மொத்த வியாபாரம் செய்கிறோம். கணக்கு, ஆர்டர் எல்லாம் கடையில் உள்ள விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில்தான். லீவுக்கு வந்த என் அண்ணன் மகன் அதில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, கணக்கு ஃபோல்டரைச் சுருக்கி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் வைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தந்தான். தினமும் இரவு 9.30க்குத் தானாக ஓடும்படி கிரானில் போட்டிருக்கிறான். கையால் ஓட்டினால் 40 எம்பிக்கு ஒழுங்காக ஃபைல் வருகிறது. இரவில் ஒன்றும் நடப்பதில்லை. இரண்டே நாள், உபுண்டுவின் கறுப்பு ஜன்னலை மூடாமல் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஃபைல் வந்தது. திறந்து பார்த்தால் 45 பைட்தான் இருக்கிறது. அவனைக் கேட்டால், "உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு அத்தை" என்கிறான். எங்கே பார்ப்பது?

பதில்: கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. அதற்காக மருமகனைத் திட்டவும் வேண்டாம். அவன் தெரிந்ததை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். துப்பு இரண்டையும் நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். ஜன்னல் திறந்திருந்த நாளில் மட்டும் ஓடியது என்பது ஒன்று. ஓடியபோதும் 45 பைட்தான் வந்தது என்பது இன்னொன்று. இவை தனித்தனிக் கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்து பார்த்து, இன்னும் வரவில்லையே என்று அந்தத் திருத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர்களைப் பாளையங்கோட்டையில் நிறையப் பார்த்துவிட்டேன்.

கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே சொல்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜன்னல் விஷயம். கிரான் என்பது பின்னணியில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, தன் பட்டியலில் இந்த நிமிடத்துக்கு வேலை இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு புரோகிராம். 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. உங்கள் உபுண்டுவில் இருப்பது பால் விக்ஸி 1987இல் எழுதியதன் வழிவந்தது. இரண்டுமே ராப்பகலாக அணையாத கம்ப்யூட்டர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் கிரானுக்குத் தவறவிட்டது என்ற நினைப்பே கிடையாது. 9.30க்கு அது விழித்திருக்கவில்லை என்றால் 9.31க்கு வந்து "ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்காது. மறுநாள் 9.30தான்.

டபிள்யூஎஸ்எல் அணையாத கம்ப்யூட்டர் இல்லை. விண்டோஸுக்குள் ஒரு குட்டி மெய்நிகர் கம்ப்யூட்டராக லினக்ஸ் ஓடுகிறது. கடைசி ஜன்னலை மூடினால், சற்று நேரத்தில் விண்டோஸ் அதை அணைத்துவிடும், கிரானும் சேர்ந்து போய்விடும். கடையைச் சாத்தும்போது வாட்ச்மேனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி விசில் சத்தத்தைக் காணோமே என்பது போலத்தான்.

சந்தேகம் இருந்தால் உபுண்டு ஜன்னலைப் புதிதாகத் திறந்து 'சர்வீஸ் கிரான் ஸ்டேட்டஸ்' என்று அடித்துப் பாருங்கள். ஓடவில்லை என்று வந்தால், லினக்ஸில் பின்னணி வேலைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியை இயக்கச் சொல்லி இணையத்தில் எல்லோரும் வழி சொல்வார்கள். இடிசி ஃபோல்டரில் உள்ள டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் ஃபைலில் பூட் என்ற தலைப்பின் கீழ் 'சிஸ்டம்டி=ட்ரூ' என்று எழுதவேண்டும். 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. நல்ல வழிதான். ஆனால் அது செய்வது, உபுண்டு எழும்போது கிரானையும் எழுப்புவது மட்டுமே. சிஸ்டம்டி சேவைகள் ஓடுகின்றன என்பதற்காக உபுண்டுவை விண்டோஸ் விழிக்க வைத்திருக்காது. அதனால் உங்கள் 9.30 பிரச்சினை அப்படியே இருக்கும்.

இனி 45 பைட். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் ஆபத்தானது இதுதான். ஒன்றுமே வராவிட்டால் நீங்கள் கவனிப்பீர்கள். தினமும் தேதி போட்ட ஒரு ஃபைல் வந்து வரிசையாக நின்றால் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அப்பள டின்கள் மூடியோடு அடுக்கி இருக்கின்றன, தூக்கிப் பார்த்தால்தானே காலி என்று தெரியும்.

நடந்தது இதுதான். டார் கட்டளையிடம் 'கணக்கு' ஃபோல்டரைச் சுருக்கு என்று ஸ்கிரிப்ட் சொல்கிறது. அந்த ஃபோல்டர் அங்கே இல்லை. டார் ஒரு பிழைச் செய்தியைச் சொல்லிவிட்டு, காலியான ஒரு காப்பகத்தை மட்டும் எழுதி முடித்துவிடுகிறது. லினக்ஸில் உள்ள குனு டார் எதையும் 10,240 பைட் கட்டுகளாக எழுதும். காலி என்றால் அந்த 10,240ம் வெறும் பூஜ்யம். அத்தனை பூஜ்யத்தையும் ஜிஸிப் சுருக்கினால் சில பத்து பைட்தான் மிஞ்சும். ஆக 45 பைட் என்றாலே 'உள்ளே ஒரு ஃபைலும் இல்லாத டார்' என்று படித்துக்கொள்ளலாம்.

சரி, கையால் ஓட்டும்போது கிடைத்த ஃபோல்டர் கிரானுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஸ்கிரிப்டில் முழுப் பாதை இல்லாமல் வெறுமனே 'கணக்கு' என்று இருக்கும், பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டர் ஒன்றிலிருந்து டபிள்யூஎஸ்எல்லைத் திறந்தால் அந்த ஃபோல்டரிலேயே போய் நிற்கும். பக்கத்திலேயே கணக்கு ஃபோல்டர் இருப்பதால் கையால் ஓட்டும்போது தடை இல்லை. கிரான் ஓட்டும்போது நிற்கும் இடம் லினக்ஸுக்குள் இருக்கும் உங்கள் ஹோம் ஃபோல்டர். அங்கே கணக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

நம்ம திருநெல்வேலி ஆளிடம் "பஸ் ஸ்டாண்டுல நில்லு" என்றால் ஜங்ஷனா, பாளையா, வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டா என்று பேசுகிற தோரணையிலேயே புரிந்துகொள்வான். நேற்று ரயிலில் வந்து இறங்கியவனுக்கு மூன்றில் எது என்று எழுதித்தான் கொடுக்கவேண்டும். கிரான் எப்போதும் வெளியூர் ஆள்தான். ஆகவே ஸ்கிரிப்டில் கணக்கு ஃபோல்டரின் விலாசத்தை எம்என்டி, சி, யூஸர்ஸ் என்று வேரிலிருந்து முழுசாக எழுதுங்கள். ஃபோல்டர் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

கட்டளைகளுக்கும் இதே கதைதான். நீங்கள் ஜன்னலில் அடிக்கும்போது எந்தெந்த ஃபோல்டரில் கட்டளையைத் தேடுவது என்ற நீளமான பட்டியல் லினக்ஸிடம் இருக்கிறது. 'பாத்' என்பார்கள். உபுண்டுவில் கிரானுக்குக் கிடைப்பது 'பின்', 'யூஎஸ்ஆர் பின்' என்ற இரண்டு ஃபோல்டர்கள் மட்டுமே. போதாததற்கு, ஜன்னலில் நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லிலும் அது ஓட்டாது, டேஷ் என்ற சிக்கனமான ஷெல்லில் ஓட்டும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருந்தால் பிழைத்தீர்கள். டார், ஜிஸிப் இரண்டும் அந்தப் பட்டியலுக்குள் இருப்பதால் உங்களுக்கு இதனால் பாதிப்பில்லை. தனியாக இன்ஸ்டால் செய்த ஏதாவது கட்டளையை ஓட்டுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

இதையெல்லாம் நான் ஊகித்துச் சொல்லவேண்டிய அவசியமே இருந்திருக்காது, அந்த ஸ்கிரிப்டைப் பேச விட்டிருந்தால். கிரான் தன் வேலையின் பிழைச் செய்திகளை உள்ளூர் மெயிலில் அனுப்பப் பார்க்கும். உங்கள் உபுண்டுவில் மெயில் அனுப்பும் புரோகிராம் இருக்காது, அதனால் கிடைத்ததைத் தூக்கி எறிந்துவிடும். டார் பாவம், இரண்டு ராத்திரியும் "ஃபோல்டரைக் காணோம்" என்று கத்தியிருக்கிறது. கேட்க ஆள் இல்லை. கட்டளையின் கடைசியில் >> போட்டு ஒரு பதிவு ஃபைலின் முழு விலாசத்தை எழுதி, அதற்கும் பின்னால் 2>&1 என்று சேர்த்தால் எல்லாச் சத்தமும் அந்த ஃபைலில் விழும். வரிசை முக்கியம். 2>&1ஐ முன்னால் போட்டால் பிழைச் செய்தி மட்டும் பழையபடி காற்றில் போகும்.

கிரானில் தேதியையும் சேர்த்து ஒரே வரியில் எழுதுகிற மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வரியில் % குறிக்குத் தனி அர்த்தம் உண்டு, அதைக் கண்டதும் கிரான் வரியை அங்கேயே முடித்துக்கொள்ளும். முன்னால் \ போடவேண்டும், அல்லது தேதியை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும்.

இப்போது தீர்வு. என் யோசனை, கிரானையே விட்டுவிடுங்கள். விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. அதற்கு டபிள்யூஎஸ்எல்லை எழுப்பி வேலையை முடிக்கத் தெரியும். புது டாஸ்க் ஒன்றை உருவாக்கி, புரோகிராம் என்ற இடத்தில் 'டபிள்யூஎஸ்எல்.இஎக்ஸ்இ' என்றும், அடுத்த கட்டத்தில் '-டி உபுண்டு -- ' (டி என்பது சின்ன d) என்று எழுதி அதன்பின் ஸ்கிரிப்டின் லினக்ஸ் விலாசத்தையும் கொடுங்கள். இங்கேயும் அது எந்த ஃபோல்டரில் நிற்கும் என்று நம்ப முடியாது, அதனால் முழு விலாசத் திருத்தம் அவசியம். உபுண்டு எந்த விண்டோஸ் பயனர் கணக்கில் நிறுவப்பட்டதோ அந்தக் கணக்கின் பெயரிலேயே டாஸ்க் இருக்கட்டும். மற்ற கணக்குகளுக்கு அந்த உபுண்டு இருப்பதே தெரியாது. பயனர் உள்ளே இருக்கும்போது மட்டும் ஓடு என்ற தேர்வே போதும். ஓடும்போது ஒரு கறுப்பு ஜன்னல் வந்து போகும், பயப்படாதீர்கள்.

செட்டிங்ஸ் பக்கத்தில், நேரம் தவறினால் முடிந்த சீக்கிரம் ஓட்டு என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். கிரானுக்குத் தெரியாத வித்தை இது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் இல்லாத நாளிலும் கம்ப்யூட்டரைப் போட்டு நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு தானாக ஓடிவிடும்.

கண்டிஷன்ஸ் பக்கத்தில் இன்னொரு கட்டம், மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு என்று ஏற்கெனவே டிக் ஆகி இருக்கும். டெஸ்க்டாப்புக்கு இது எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறதா, பாருங்கள். போகிறது என்றால் விண்டோஸ் அதை பேட்டரியாகவே கணக்கில் எடுக்கும். ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும்போது சரியாக அந்த நேரத்தில் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தால் டாஸ்க் தொடங்காது. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், சில நிமிட வேலைக்கு யுபிஎஸ் தாங்கும்.

நேரத்தையும் மாற்றச் சொல்வேன். இரவு 9.30 என்பது சர்வர் வைத்திருப்பவர்களின் பழக்கம். உங்கள் கடை கம்ப்யூட்டர் அந்நேரம் விழித்திருப்பதே சந்தேகம். மதியச் சாப்பாட்டு நேரம், 2 மணி என்று வையுங்கள். ஒன்றே ஒன்று, கணக்கு சாஃப்ட்வேரை மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள். திறந்தபடி எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலைப் பிரதி எடுத்தால் பாதியும் மீதியுமாக வரலாம்.

ஹார்ட் டிஸ்க் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். உபுண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் செருகிய டிரைவ், விண்டோஸ் டிரைவ்கள் உபுண்டுவுக்குத் தெரியும் இடமான எம்என்டி ஃபோல்டருக்குள் தானாக வராது. ஆனால் முன்பு வந்த டிரைவின் பெயரில் காலி ஃபோல்டர் ஒன்று அங்கே கிடக்கலாம். ஸ்கிரிப்ட் அதற்குள் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும், ஃபைல் உங்கள் சி டிரைவுக்குள்ளேயே எங்கோ கிடக்கும். இதைத் தடுக்க, டார் வரிக்கு முன்னால் 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால் அந்த ஃபோல்டர் நிஜமான டிரைவ்தானா என்று சோதித்து, இல்லையென்றால் நின்றுவிடும்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே, முடிந்த ஃபைல் 1 எம்பிக்குக் குறைவாக இருந்தால் பதிவில் பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை எழுதவும் சொல்லுங்கள். மருமகனுக்குப் பத்து நிமிட வேலை. திருத்தத்தை நீங்களே செய்வதானால் நானோ எடிட்டரில் செய்யுங்கள். நோட்பேடில் புதிதாக எழுதிச் சேமித்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்டோஸ் எழுத்து ஒட்டிக்கொள்ளும், பாஷ் அதைப் பார்த்துக் குழம்பும்.

டாஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து ரன் கொடுத்து, வந்த ஃபைல் 40 எம்பி பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அதை வேறொரு ஃபோல்டரில் விரித்து, போன மாத ஆர்டர் ஒன்றைத் திறந்து பாருங்கள். மறுநாள் 2 மணிக்கு அது தானாக வந்தபின் பழைய கிரான் வரியை எடுத்துவிடலாம். 'கிரான்டாப் -ஈ' என்று அடித்தால் பட்டியல் திறக்கும், அந்த வரியை அழித்துச் சேமியுங்கள். ஈக்குப் பக்கத்து விசை ஆர். '-ஆர்' அடித்தால் கேள்வியே கேட்காமல் முழுப் பட்டியலும் போய்விடும். பதினான்கு வரிகள் இருந்த பட்டியலை நான் அப்படி ஒருமுறை இழந்திருக்கிறேன். உங்களுடையது ஒரே வரி, தவறி அடித்தாலும் நஷ்டமில்லை.