மகதலேனா மரியாள்: ஒரு பிரசங்கம் கட்டிவிட்ட கதை

கேள்வி: விலைமாதாக இருந்து மனம் திருந்திய மகதலேனா மரியாள்தான் இயேசுவின் மனைவி என்றும், திருச்சபை அதை மறைத்துவிட்டது என்றும் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: ஒரே மூச்சில் மூன்று தப்பு. மூன்றாவது மட்டும் கொஞ்சம் சுவாரசியமான தப்பு.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களையும் (மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்) வரிக்கு வரி படியுங்கள், அவர் விலைமாது என்று ஒரு வசனமும் கிடையாது. லூக்கா 8ஆம் அதிகாரம் சொல்வது இதுதான்: ஏழு பிசாசுகள் நீங்கியவர், ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் போன்றவர்களோடு சேர்ந்து தங்கள் சொந்தப் பணத்தில் இயேசுவுக்கும் சீடர்களுக்கும் செலவு செய்தவர். பிசாசு பிடித்திருந்தது என்றால் நடத்தை சரியில்லை என்று யார் சொன்னது? மாற்கு 9இல் பிசாசு பிடித்த ஒரு சிறுவன் வருகிறான், அவன் ஒழுக்கத்தை யாரும் கிளறுவதில்லையே.

சரி, கதை எங்கிருந்து வந்தது? லூக்காவில் இதற்கு முந்தின அதிகாரத்தில், பரிசேயன் சீமோன் வீட்டு விருந்தில், பாவி என்று ஊரே சொல்லும் ஒரு பெண் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தைலம் பூசுகிறார். பெயர் சொல்லப்படவில்லை. யோவான் 12இல் லாசருவின் சகோதரி மரியாளும் பாதங்களில் தைலம் பூசுகிறார், ஆனால் அவர் எருசலேமுக்குப் பக்கத்தில் இருக்கும் பெத்தானியாக்காரர். நம்மவரோ கலிலேயக் கடலோரத்து மகதலா. அந்தக் காலத்து யூதப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மரியாள் என்று பெயர். குழப்பம் வரக்கூடாது என்றுதான் ஊர்ப்பெயரைச் சேர்த்தே எழுதி வைத்தார்கள்.

அப்படியும் குழப்பியவர் சாதாரண ஆள் இல்லை, போப் முதலாம் கிரகோரி. 591 வாக்கில் ரோமில் செய்த பிரசங்கத்தில் மூன்று பெண்களையும் ஒருவராக்கி, ஏழு பிசாசுகள் என்பது எல்லாத் தீய குணங்களும்தான் என்றும், அந்தத் தைலம் முன்பு தன் உடம்புக்கு வாசனை பூச அவர் வைத்திருந்தது என்றும் சொல்லிவிட்டார். அப்புறம் ஓவியர்கள் அவிழ்ந்த கூந்தலோடு வரைந்து தள்ளினார்கள். கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகள் இந்தச் சேர்க்கையை ஏற்கவே இல்லை. மேற்கில், இவர்கள் வேறு வேறு பெண்கள் என்று 1517இல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் லெஃபெவ்ரை பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் 1521இல் கண்டித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை தன் நாள்காட்டியைத் திருத்தி, ஜூலை 22 உயிர்த்தெழுதலின் சாட்சியான மரியாளுக்கு மட்டும் என்று ஆக்கியது 1969இல்தான். ஆக, சபை எதையும் மறைக்கவில்லை. இல்லாத ஒன்றைப் பிரசங்க மேடையிலிருந்து உரக்கச் சொன்னது.

மனைவி விவகாரத்துக்கு வருவோம். ஆதாரம் என்று காட்டப்படுவது 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த, பைபிளில் சேராத பிலிப்பு நற்செய்தி. இயேசு காலத்துக்கு நூறு, இருநூறு வருடங்கள் பிந்தியது. அதில் இயேசு மகதலேனா மரியாளை முத்தமிட்டார் என்கிற இடத்தில் ஏடு சிதைந்திருக்கிறது, 'வாயில்' என்பது பதிப்பாளர்கள் ஊகித்து நிரப்பியது. 2012இல் 'இயேசுவின் மனைவி' என்று பெரிய பரபரப்போடு வந்த பாப்பிரஸ் (பழங்கால நாணல் தாள்) துண்டு போலி என்றே இன்று கருதப்படுகிறது. இன்னொன்று: லூக்கா அதே பட்டியலில் யோவன்னாளைக் கூசாவின் மனைவி என்று எழுதுகிறார். பக்கத்தில் நிற்பவர் இயேசுவுக்கே மனைவி என்றால், அதை விட்டுவிட்டு ஊர்ப்பெயரால் சுட்டுவாரா? சொந்தக் காசும் சொந்த முடிவும் உள்ள ஒரு பெண்ணை, ஒன்று விலைமாது, இல்லையென்றால் மனைவி என்று ஏதாவது ஓர் ஆணோடு சேர்த்தே பார்க்கப் பழகியவர்களின் கதை இது.

மறைப்பு என்று பேசியே ஆக வேண்டுமானால் பவுலிடம் போங்கள். இயேசுவின் கல்லறைக்கு வந்தவர்களில் மகதலேனா மரியாள் பெயரை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன, மற்றப் பெண்களின் பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறினாலும் இவர் பெயர் மாறுவதில்லை. அவற்றுக்கும் முன்பே, கி.பி. 50களில் பவுல் எழுதிய முதலாம் கொரிந்தியர் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களைப் பட்டியல் போடுகிறது: கேபா (அதாவது பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு, அப்போஸ்தலர்கள் எல்லோரும், கடைசியாகப் பவுல். மரியாள் பெயர் அதில் இல்லை. வேறு எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை.