காலி வீட்டில் யாரைக் கிளப்புவது?

வணக்கம் சார்,

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு மாணவன் நான். பிராசசரின் கடைசி நிலை கேஷுக்கு (மெயின் மெமரிக்கு முன்னால் உள்ள வேகமான சேமிப்பிடம்) ஒரு புதிய ரீப்ளேஸ்மென்ட் பாலிசி, அதாவது இடம் நிறைந்தால் எதை வெளியேற்றுவது என்ற விதி, செய்திருக்கிறேன். எட்டு மாத வேலை. சாம்ப்சிம் சிமுலேட்டரில் ஸ்பெக் 2017 சோதனை புரோகிராம்களின் ட்ரேஸ்கள் (ஓட்டப் பதிவுகள்) 20 எடுத்து, ஒவ்வொன்றையும் 1 கோடி கட்டளை வார்ம்அப் (அளக்காமல் கேஷை நிரப்பும் ஓட்டம்), 5 கோடி கட்டளை அளவீடு என்று ஓட்டினேன். கேஷ் 2 எம்.பி., 16 வே. நெடுநேரம் தொடாததை வெளியேற்றும் எல்.ஆர்.யு. விதியைவிட முன்னேற்றம் சராசரியாக 0.3 சதவீதம்தான். ஐடியாவில் சத்தில்லை என்கிறார் கைடு. கூடப் படிப்பவர்கள் ஏ.ஐ. ஆக்சிலரேட்டர் பக்கம் போய்விட்டார்கள். நானும் தலைப்பை மாற்றிவிடலாமா? ஆர்.டி.எல். (சிப்பின் சுற்றை எழுதும் முறை) கற்காமல் விட்டது தப்பா? எப்போது முடிப்பாய் என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள்.

ம.

அன்புள்ள ம.,

ஆர்.டி.எல். கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் இந்த 0.3-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆக்சிலரேட்டர் பக்கம் போனவர்கள் அங்கே அவர்கள் பாட்டைப் படட்டும். வீட்டில் கேட்பது எல்லா வீட்டிலும் கேட்பதுதான். கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது ஒரே ஒரு எண்: 1 கோடி வார்ம்அப். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

ஒரு தாளை எடுங்கள். கேஷின் 2 எம்.பி.யை, ஒரு லைனுக்கு (கேஷில் ஒரு இடம்) 64 பைட் என்று வகுத்தால் 32,768 லைன். அவை 2,048 செட்டாக, அதாவது குழுவாகப் பிரியும்; செட்டுக்கு 16 இடம் (வே). ஆயிரம் கட்டளைக்கு 1 மிஸ் (கேட்ட தரவு கேஷில் இல்லாமை) தருகிற ட்ரேஸ் ஒன்றை வைத்துக்கொள்வோம். 1 கோடி கட்டளையில் 10,000 மிஸ்; ஒரு மிஸ்ஸுக்கு ஒரு லைன் நிரம்பும். அதாவது வார்ம்அப் முடியும்போது கேஷில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காலி. பிறகு அளவெடுக்கும் 5 கோடியில் 50,000 மிஸ் வருகிறது. அதில் முதல் 22,768 காலி இடத்தில் போய் உட்காருகிறது. உங்கள் பாலிசிக்கு அங்கே என்ன வேலை? லைன் வீட்டில் பாதி போர்ஷனில் 'டு லெட்' பலகை தொங்கும்போது யாரைக் கிளப்புவது என்று ஓனர் யோசிப்பாரா?

இன்னும் மோசம், ஆயிரத்துக்கு 0.5 மிஸ் உள்ள ட்ரேஸ். வார்ம்அப், அளவீடு இரண்டையும் கூட்டினாலும் மொத்தம் 30,000 மிஸ். இடமோ 32,768. ஓட்டமே முடிந்துவிடும், கேஷ் நிரம்பாது. செட்டுகள் சமமாக நிரம்புவதில்லை, சில முன்னதாக நிரம்பிவிடும் என்பது உண்மைதான். அந்தச் சில செட்டுகளில் உங்கள் பாலிசி கொஞ்சம் கையைக் காலை ஆட்டியிருக்கும். அந்த 0.3-ல் அதன் பலனும் இருக்கலாம். தவறான லைனை வெளியேற்றினால்கூட, அதே லைன் திரும்பக் கேட்கப்படும்போதுதான் நஷ்டம் தெரியும். அதற்குள் உங்கள் ஓட்டம் நின்றுவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் வேண்டாம். ஒரு கவுன்டர் போதும். வெளியேற்ற லைனைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், அந்த லைனின் வேலிட் பிட் 1 என்றால் (உள்ளே தரவு இருக்கிறது என்று பொருள்) மட்டும் ஒன்று கூட்டுங்கள். காலி இடத்தில் நிரப்பியதற்கு இன்னொரு கவுன்டர். இரண்டையும் வார்ம்அப் முடிந்ததும் பூஜ்யமாக்குங்கள். அளவீட்டில் இரண்டாவது எண் கணிசமாக இருந்தால் அந்த முடிவைக் குப்பையில் போடுங்கள். இதை முதல் வாரமே செய்யாமல் கிராஃப் வரைய உட்கார்ந்தீர்களே, அதற்காகத் திட்டத்தான் வேண்டும். 20 கோடி வார்ம்அப், 100 கோடி அளவீடு என்று கட்டுரைகளில் அடிக்கடி வருவதைப் பார்த்திருப்பீர்களே, ஏன் என்று யோசிக்கவில்லையா? 0.5 மிஸ் ட்ரேஸ்கூட 20 கோடியில் 1 லட்சம் மிஸ் தரும். கேஷ் மூன்று முறை நிரம்பும் அளவு. மொத்தம் 120 கோடி, இப்போது ஓட்டுவதைப்போல 20 மடங்கு நேரம் ஆகும். ஆகட்டும், இரவில் ஓட்டுங்கள். நாளைக்கு ஜெம்5 என்ற இன்னொரு சிமுலேட்டருக்குப் போனாலும் இதே கதைதான்: கே.வி.எம்.மில் (நிஜ பிராசசரிலேயே ஓட்டும் வழி) வேகமாகத் தாண்டிய பகுதி சிமுலேட்டரின் கேஷில் ஒரு லைனைக்கூட நிரப்பியிருக்காது.

அதனால் உங்கள் ஐடியா பிரமாதம் என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் களத்தில் இறங்கவில்லை என்கிறேன். சத்து இருக்கிறதா என்று பார்க்க பெலாடியிடம் போங்கள். எதிர்காலத்தில் மிகத் தள்ளிக் கேட்கப்படும் லைனை வெளியேற்று என்ற அவருடைய 1966-ம் ஆண்டு யோசனை. ப்ரீஃபெட்சரை (தரவை முன்கூட்டியே கொண்டுவரும் பகுதி) அணைத்து, கடைசி நிலை கேஷுக்கு வரும் முகவரிகளை ஒரு ஃபைலில் எழுதி, பின்னிருந்து படித்து அடுத்த பயன்பாட்டைக் குறித்துக்கொண்டால் போதும், சின்ன புரோகிராம். கேஷ் இன்க்ளூசிவாக (மேல்நிலைக் கேஷ்களில் உள்ளதெல்லாம் இதிலும் இருக்கும் வகை) இருந்தால் அந்த முகவரி வரிசையே பாலிசிக்குத் தக்க மாறிவிடும், கவனம். பெலாடிக்கும் எல்.ஆர்.யு.வுக்கும் மிஸ்ஸில் இடைவெளியே இல்லாத ட்ரேஸில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் கிடைக்காது. ஸ்பெக்கில் உள்ள எக்ஸ்சேஞ்ச்2, சுடோகு போடுகிற புரோகிராம். அதன் தரவு சின்னக் கேஷிலேயே அடங்கிவிடும். அதைச் சராசரியில் சேர்த்துவிட்டு முன்னேற்றம் குறைவு என்று அழுவதா? எல்லா ட்ரேஸுக்கும் ஒரு சராசரி, ஆயிரத்துக்கு 1 மிஸ்ஸுக்கு மேல் உள்ளவற்றுக்குத் தனியாக ஒன்று, இரண்டையும் போடுங்கள்.

எல்.ஆர்.யு.வோடு மட்டும் ஒப்பிட்டது இன்னொரு தப்பு. ஆர்.ஆர்.ஐ.பி. என்ற பாலிசி 2010-லும் ஹாக்ஐ என்ற பாலிசி 2016-லும் வந்தாயிற்று. ஹாக்ஐ பெலாடியின் முடிவையே பார்த்துக் கற்கிறது. இவை இல்லாமல் அனுப்பினால் ரிவ்யூவர் இரண்டாம் பக்கம் புரட்டமாட்டார். இந்த ஒப்பீட்டில் ப்ரீஃபெட்சரையும் போட்டு ஒரு முறை ஓட்டுங்கள்.

தலைப்பை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? இருபதும் வேண்டாம், எம்.சி.எஃப். என்ற ஸ்பெக் ட்ரேஸை மட்டும் 20 கோடி வார்ம்அப்போடு இன்றிரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் அந்த இரண்டு கவுன்டரையும் கைடிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிராஃப் வேண்டாம்.