165 மதிப்பெண்ணுக்கு என்ன ரேங்க்?

கேள்வி: விடைக்குறிப்பை வைத்துப் பார்த்ததில் மகனுக்குப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் 165 மதிப்பெண். ஒரு செயலி 999 ரூபாய் வாங்கிக்கொண்டு 18,432-வது ரேங்க் என்றது. வந்தது 31 ஆயிரத்துக்கு மேல். 'கணிப்பு தவறினால் பணம் வாபஸ்' என்றுதான் விளம்பரம். இப்போது போனையே எடுப்பதில்லை.
- ஒரு தந்தை, சேலம்

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. எழுத்தில் வாக்குக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள். விளம்பரம், செயலி காட்டிய ரேங்க், பணம் போன விவரம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இந்த ரேங்க் வியாபாரத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஆத்திரம். தேர்வு பல நாள், பல ஷிஃப்டில் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வினாத்தாள். அந்த ஷிஃப்டில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் மகனுக்குச் சமமாகவோ கீழாகவோ எடுத்தார்கள் என்பதுதான் பர்சன்டைல். கணிதம் கடினமாக வந்த ஷிஃப்டில் 165 மேலே நிற்கும். சுலபமான ஷிஃப்டில் அதே 165 சரிந்துவிடும். எந்த ஷிஃப்ட் என்றுகூடக் கேட்காத செயலி கடைசி இலக்கம் வரை ரேங்க் சொன்னால் அது ஆருடம். நேர்மையானவர் 'இதிலிருந்து இதற்குள்' என்று ஒரு வரம்புதான் சொல்ல முடியும். அண்ணன் மகளுக்காக நான் 600 ரூபாய் கொடுத்து வாங்கிய கட் ஆஃப் புத்தகமும் இந்த ரகம்தான். உள்ளே இருந்தது, ஐஐடி, என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரி இடங்களை ஒதுக்கும் ஜோசாவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பட்டியல், அதுவும் இரண்டு வருடம் பழையது.

கேள்வி: மகளுக்கு ஜனவரித் தேர்வில் 98.2 பர்சன்டைல். ரேங்க் தெரிய யாரிடம் பணம் கட்டலாம்?
- மதுரை வாசகி

பதில்: யாரிடமும் வேண்டாம். 100-லிருந்து கழித்தால் 1.8. 2025-ல் ஜனவரி, ஏப்ரல் இரண்டு அமர்விலும் சேர்த்து எழுதியவர்கள் ஏறத்தாழ 14.75 லட்சம். அதில் 1.8 சதவீதம் என்றால் 26,500 சுமார். ஏப்ரல் அமர்வும் முடிந்த பிறகுதான் ரேங்க் வரும். இரண்டில் எது நல்ல பர்சன்டைலோ அதை எடுப்பார்கள். அதுவரை இது தோராயம்தான்.

கேள்வி: 'என்ஐடி சீட் உறுதி' என்றதால் கவுன்சலிங் பேக்கேஜுக்கு 25,000 கட்டினேன். சீட் கிடைக்கவில்லை. ரசீது இல்லை, ஒப்பந்தமும் இல்லை.
- திருப்பூர்

பதில்: 25 ஆயிரத்தைக் கொடுக்கும்போது ரசீது கேட்க என்ன தயக்கம்? ஜோசா சீட்டை ரேங்க்கும், விருப்பப் பட்டியலும், இடஒதுக்கீடும் தீர்மானிக்கின்றன; நடுவில் எவரும் உறுதி தர முடியாது. இது ஒரு தேடலில் தெரிந்திருக்கும். வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் அந்தப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் ஆதாரமாகும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கஷ்டம்தான்.

கேள்வி: ஓபிசி (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவில் 9,000-வது ரேங்க்கோடு சீட் முடிந்திருக்கிறது. என் பொது ரேங்க் 24,000. ஆசையை விட்டுவிடவா?

பதில்: அந்த 9,000 ஓபிசி ரேங்க். உங்கள் மதிப்பெண் அட்டையில் ஓபிசி ரேங்க் தனியாக இருக்கும், அதை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்குக்கும் ஜேஇஇ பர்சன்டைலைக் கணித்துத் தர ஒருவர் 1,500 கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். அதில் ஜேஇஇ பர்சன்டைலைப் பார்ப்பதே இல்லை. பிளஸ் டூ கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200.