விளையாட்டு மேலாண்மை படிக்க 10 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். சம்பளம் 38,000 ரூபாய். மகன் பி.காம். முடிக்கப் போகிறான், கல்லூரி ஹாக்கி அணியில் ஆடுகிறான். மும்பையில் ஒரு தனியார் நிறுவனத்தில் இரண்டு வருட விளையாட்டு மேலாண்மைப் படிப்பில் சேர ஆசைப்படுகிறான். விடுதியோடு 10 லட்சம் ஆகும். மகள் கல்யாணத்துக்கென்று 6 லட்சம் வங்கியில் டெபாசிட் போட்டிருக்கிறேன். அதை எடுப்பதா, கடன் வாங்குவதா? படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: மகளுக்கு வைத்த பணத்தில் தயவுசெய்து கை வைக்காதீர்கள் ஐயா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

வேலை இருக்கிறது. 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியை உங்கள் மகன் பார்த்திருப்பார். மொத்தம் 24 அணிகள். விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது, ஓட்டல் அறை, பயிற்சி நேரம், அடையாள அட்டை, டிக்கெட், விளம்பரப் பலகை என்று மைதானத்துக்கு வெளியே நடக்கும் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஐபிஎல், புரோ கபடி, டிஎன்பிஎல் அணிகளின் அலுவலகங்கள், வீரர்களின் விளம்பர ஒப்பந்தங்களைக் கவனிக்கும் ஏஜென்சிகள், அகாடமிகள் எல்லாம் இதே துறைதான். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: பள்ளி உடற்கல்வி ஆசிரியராக பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் வேண்டும். இந்தப் படிப்பு அதற்கு உதவாது.

சிக்கல் என்னவென்றால், ஆரம்பகால வேலைகள் பலவும் சீசனோடு வந்து சீசனோடு போய்விடும். ஸ்பான்சர் பணமும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு தடை கொண்டுவந்ததும், அப்படிப்பட்ட விளையாட்டை நடத்தி, இந்திய கிரிக்கெட் அணியின் ஸ்பான்சராகவும் இருந்த ட்ரீம்11 நிறுவனம் விலகிக்கொண்டது. அதே வருடம் ஐஎஸ்எல் கால்பந்து சீசன் ஒப்பந்தச் சிக்கலில் மாட்டித் தள்ளிப்போனது. இப்படிப்பட்ட துறையில் முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளத்தை நம்பிப் பெரிய தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 5 லட்சமாக 10 லட்சம், வட்டி 10.5% என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் இரண்டு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டி போட்டாலே சுமார் 2.6 லட்சம் அசலோடு சேர்ந்துவிடும். அதை 7 வருடத்தில் அடைக்க மாதம் 21,300 ரூபாய் தேவை. அந்த வட்டியை அவ்வப்போதே கட்டி வந்தால் தவணை 16,900க்குக் குறையும். அதற்கு முதல் வருடம் மாதம் 4,375, பிறகு 8,750 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். வீட்டுச் செலவுக்கு மிச்சம் என்ன இருக்கும்? போதாததற்கு, 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கிகள் சொத்து ஜாமீன் கேட்கும்.

நான் சொல்லும் வழி வேறு. பி.காம். முடித்ததும் ஒரு வருடம் அவர் இந்தத் துறையில் வேலை பார்க்கட்டும். உங்கள் ஊரிலேயே லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது. அங்கே தன்னார்வலராக நின்றாலே, இது ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். கணக்குப் படித்தவர் என்பது அவருக்குப் பெரிய பலம். பரிசுப் பணத்தில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடிப்பது, ஸ்பான்சர் பில்லுக்கு ஜிஎஸ்டி போடுவது எல்லாம் போட்டி நடத்துபவர்கள் திணறும் இடங்கள். அதைத் தெரிந்தவரை சீசன் முடிந்தாலும் சுலபத்தில் விடமாட்டார்கள்.

அதன்பிறகும் படிக்க விரும்பினால், சென்னை மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை எம்பிஏ இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் செலவு கட்டுக்குள் நிற்கும். கடனை 4 லட்சத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் தேவைப்படாது, வட்டியை அவ்வப்போது கட்டினால் அதே 7 வருடத்துக்குத் தவணை 6,750 ரூபாய்தான்.

மும்பைதான் வேண்டும் என்று மகன் நின்றால், மூன்று விஷயம் விசாரியுங்கள். அது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகரித்த பட்டமா, வெறும் சான்றிதழா? மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிஎம் வித்யாலட்சுமியின் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா? இருந்தால், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள நீங்கள் 3% வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்கு வெறும் இன்டர்ன்ஷிப்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நிறுவனத்தின் பதில் போதாது. முடித்த மாணவர்கள் இரண்டு பேரிடமாவது மகனையே பேசச் சொல்லுங்கள்.